கெளுத்தி ருசி பார்க்கும் ஓஸெல்லா

மீன் ஆலையில் ஓஸெல்லா ரக்கருக்குக் கொடுத்திருந்த அறையில் ஓர் ஆள் படுத்தால் கால் சுவரில் இடிக்கும். ஒரு மேசை, இரண்டு மைக்ரோவேவ் அடுப்பு, ஒரு உறைபெட்டி, கைகழுவ ஒரு தொட்டி, ஒரே ஒரு நாற்காலி. அவ்வளவுதான் சொத்து. ஆனால் அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே, ஆயிரம் ஏக்கர் வைத்திருக்கும் பண்ணைக்காரர்கள்கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவள் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லுக்காகத்தான் அந்த நிற்பு.

மிசிசிப்பியின் அந்தத் தாழ்நிலத்தில் பருத்தி போய்க் கெளுத்தி வந்து ரொம்ப வருஷமாகிவிட்டது. தரை அங்கே மேசை மாதிரி. ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் எந்தப் பக்கம் ஓடுவதென்று அது சற்று யோசிக்கும். மண்ணோ கோடையில் கல், மழையில் பசை. பருத்திக்காரர்கள் நூறு வருஷம் திட்டித் தீர்த்த அந்தக் களிமண், சுற்றிலும் கரை எழுப்பிக் கிணற்று நீரை நிரப்பியபோது ஒரு சொட்டைக்கூடக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டது. டார்வர் ஊரைச் சுற்றிப் பத்து மைலுக்குக் குளங்கள்தான்.

கெளுத்திக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. குளத்தில் எது இருக்கிறதோ அதன் ருசியை உடம்பில் ஏற்றிக்கொள்ளும். வெயில் காலத்தில் ஒருவகைப் பாசி படர்ந்தால் மீனில் சேறு நாறும், பூஞ்சணம் நாறும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மீன் கொழுகொழுவென்று அழகாகத்தான் இருக்கும். அப்படி ஒரு லோடு கடைக்குப் போய், ஒரு வீட்டில் பொரித்துத் தின்று முகம் சுளித்தார்கள் என்றால், அந்த வீட்டில் அப்புறம் ஒரு வருஷத்துக்குக் கெளுத்தி வாங்க மாட்டார்கள். அதனால் குளத்தில் வலை இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு மீன், முந்தின நாள் ஒரு மீன், லாரி வந்து நிற்கும்போது ஒரு மீன் என்று மூன்று தடவை அது ஓஸெல்லாவின் மேசைக்கு வரவேண்டும்.

அவள் மீனை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பாள். ஒரு பாதிக்குச் சீட்டுக் கட்டி, பின்னால் வழக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று உறைபெட்டியில் போடுவாள். மறுபாதியில் வால் பக்கத்துத் துண்டை உப்புகூடப் போடாமல், தோலோடு காகிதப் பைக்குள் வைத்து அடுப்பில் வேகவிடுவாள். பையை மூக்கருகே வைத்துப் பிரித்து மோந்து பார்ப்பாள். பிறகு ஒரு விள்ளல் வாயில் போட்டு நாலு மெல்லு மென்று துப்புவாள். “ஆச்சு” என்றால் வலை இறங்கும். “ஆகாது” என்றால் குளத்துக்காரர் மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டே காத்திருக்க வேண்டியதுதான்.

பத்தொன்பது வருஷமாக அவள் இந்த வேலைக்காக வாயைக் கட்டியிருந்தாள். திங்கள் முதல் வெள்ளி வரை மிளகு கிடையாது, வெங்காயம் கிடையாது, காப்பி கிடையாது, காரச் சாறு பாட்டிலின் பக்கமே போகமாட்டாள். காலையில் உப்பில்லாத சோளக்கஞ்சி, மத்தியானம் வேகவைத்த உருளைக்கிழங்கு. தம்பி பெண்டாட்டி லுவீனியா அவளைப் பார்க்கும்போதெல்லாம் கிண்டல் செய்வாள்.

“அண்ணி, ஊருக்கே ருசி சொல்ற நாக்கு, உங்க வீட்ல செத்துக் கெடக்குதே!”

“சனிக்கிழம மத்தியானம் வந்து பாரு, எப்பிடி உயிரோட எழுந்திரிக்குதுன்னு,” என்பாள் ஓஸெல்லா. அது உண்மைதான். சனிக்கிழமை மத்தியானம் அவள் பன்றிக்கறி போட்ட கீரையையும் காரத்தில் முக்கிய கோழி இறக்கையையும் சாப்பிடும் வேகத்தைப் பார்த்தால் யாரும் பக்கத்தில் கை நீட்ட மாட்டார்கள்.

அவள் பிறந்தது டார்வரிலிருந்து பன்னிரண்டு மைலில், ஒரு பருத்திப் பண்ணையின் தகரக் கூரை வீட்டில். ஒன்பது பேரில் எட்டாவது. பருத்தி பறிக்க இயந்திரம் வந்ததும் ஆட்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. ஏழு பேர் ஒவ்வொருவராக ரயிலேறி சிகாகோ, டெட்ராய்ட் என்று போய்விட்டார்கள். அம்மா படுக்கையில் கிடந்ததால் ஓஸெல்லா போகவில்லை. அவள் போகாததால் கடைக்குட்டி வெர்டெலும் போகவில்லை. அம்மாவை அடக்கம் செய்தபோது ஓஸெல்லாவுக்கு இருபத்தாறு, வெர்டெலுக்குப் பதினாறு. சிகாகோவிலிருந்து அண்ணன்மார் வந்து கூப்பிட்டார்கள். “இங்க என்ன இருக்கு?” என்றார்கள்.  ஆனாலும் அவள் ஏறவில்லை.

பதினோரு வருஷம் ஆலையில் மீன் அறுக்கும் வரிசையில் நின்றாள். நாள் முழுக்கக் கத்தி பிடித்ததில் இரண்டு மணிக்கட்டும் போயிற்று. ஒருநாள் கேன்டீனில் பொரித்த மீன் போட்டார்கள். எல்லாரும் விழுங்கிக்கொண்டிருந்தபோது ஓஸெல்லா தட்டைத் தள்ளி வைத்தாள். “இது கெழக்கு ரோட்டுக் குளத்து மீன். பாசி ஏறியிருக்கு,” என்றாள். மேலாளர் டென்டன் சிரித்துவிட்டு, மறுநாள் வேண்டுமென்றே ஆறு தட்டை அவள் முன்னால் வைத்தார். ஆறிலும் அவள் சொன்னது சரியாக இருந்தது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை, அறையைக் கொடுத்தார்.

அறை வந்ததும் மரியாதையும் வந்தது. வெள்ளைக்காரப் பண்ணைக்காரர்கள் அவளை “மிஸ் ஓஸெல்லா” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அறுபத்தோரு வயதுவரை பருத்தி பறித்த அவள் அம்மாவை அந்த ஆட்களின் அப்பன்மார் ஒருநாள்கூட மிஸ் போட்டுக் கூப்பிட்டதில்லை. முதல் தடவை அந்தச் சொல் காதில் விழுந்தபோது ஓஸெல்லா திரும்பிப் பார்த்தாள், பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று.

வெர்டெல் வேறு வழியில் முன்னுக்கு வந்தான். பிறர் டிராக்டரை ஓட்டினான், பிறர் குளத்தைப் பார்த்துக்கொண்டான். மெம்பிஸில் குடியேறிவிட்ட ஒரு பழைய பண்ணைக் குடும்பத்தின் வாரிசுகள் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றபோது, அறுபது ஏக்கரை வளைத்துப்போட்டான். நாலு குளம் வெட்டினான். அந்தப் பக்கத்தில் கறுப்பு ஆள் ஒருவன் சொந்தக் குளம் வைத்தது அதுதான் முதல். “ஓட்டத் தெரிஞ்சா போதுமா, வளக்கத் தெரிய வேணாமா?” என்று ரோட்டோரக் கடையில் பேசிக்கொண்டார்கள். மூன்று வருஷம் அவன் மீன் வந்தது, போயிற்று, பேச்சு அடங்கியது. அடங்கியதே தவிர அணையவில்லை.

இனி அந்த ஆகஸ்ட் செவ்வாய்க்கிழமையைச் சொல்ல வேண்டும்.

காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆறேழு பேர் நின்றார்கள். முதலில் ஹாலிஸ் பார்க்ஸ்டேலின் மீன். ஹாலிஸுக்கு முப்பது குளம், அவர் வாயாடித்தனத்துக்கு நாற்பது குளம்கூடப் பற்றாது. ஓஸெல்லா பையைப் பிரித்தாள். மோந்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாயில் போட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பது அவள் கணக்கு. போட்டாள். மழையில் ஊறிய பழைய சாக்கைத் திணித்த மாதிரி இருந்தது.

“ஆகாது, மிஸ்டர் ஹாலிஸ்.”

“அய்யோ, மிஸ் ஓஸெல்லா! ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஆச்சுன்னீங்களே!”

“ரெண்டு வாரத்துக்கு முன்னாடி உங்க மீனுக்கு இந்தப் பாசி தெரியாது. இப்ப நல்லாப் பழகிருச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். ஹாலிஸுக்குச் சுருக்கென்றது போலிருக்கிறது. அடுத்து நின்றது வெர்டெல். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய மீன். ஹாலிஸ் அவனைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

“அடுத்து உங்க தம்பியா? அப்ப சரி. இனிமே எல்லாம் சக்கரையா இனிக்கும், பாருங்கப்பா!”

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை அவளை வைத்து.

மிக மோசமான மீன் ஒன்று வாயில் பட்டால் அடுத்ததை எடுப்பதற்குமுன் பத்து நிமிடம் விடவேண்டும். உப்பில்லாத பிஸ்கட் ஒன்று, குளிர்ந்த தண்ணீர், மறுபடி பிஸ்கட், பிறகு கை கட்டிச் சும்மா உட்கார்ந்திருப்பது. சேற்று ருசி நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு அடுத்த மீன்மீது பழியைப் போடும். இந்தச் சட்டத்தை ஆலை எழுதவில்லை, ஓஸெல்லாவே தனக்குப் போட்டுக்கொண்டது. ஏப்ரலில் இதே ஹாலிஸுக்காக, வெளியே ஐந்து லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க, பத்து நிமிடமும் அசையாமல் உட்கார்ந்தவள் அவள்.

அன்றைக்கு உட்காரவில்லை. தம்பியின் மீனுக்கு முன்னால் பிஸ்கட் தின்றுகொண்டு உட்கார்ந்தால் வெளியே நிற்பவர்கள் என்ன சொல்வார்கள்? நாக்குக்குப் பாலாபிஷேகம் நடக்கிறது என்பார்கள். அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாள், வெர்டெலின் மீனைப் பிளந்தாள், வேகவைத்தாள், பையைப் பிரித்து ஒரு விள்ளலை வாயில் போட்டாள். லேசாகச் சேறு இருந்தது. இருந்ததா? இருந்தது என்றுதான் அவளுக்குப் பட்டது.

“ஆகாது.”

வெர்டெல் முகம் விழுந்துவிட்டது. “அக்கா, இன்னொரு தடவ பாரேன். போன தடவ சுத்தமா இருந்துச்சே.”

“எல்லாருக்கும் ஒரே நாக்குதான். ரெண்டு வாரம் கழிச்சுக் கொண்டா,” என்றாள், வெளியே கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கும்படி.

ஹாலிஸ் வாயை மூடிக்கொண்டார். ஒருவன் மெதுவாக, “நேர்மைன்னா மிஸ் ஓஸெல்லாதான்யா,” என்றான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. இதை மறைத்துப் பயனில்லை.

எட்டாம் நாள் புதன்கிழமை காலை, கஞ்சியை அடுப்பில் வைத்திருந்தபோது லுவீனியாவின் போன் வந்தது. “அண்ணி, மீனெல்லாம் மேல வந்துருச்சு,” என்றாள். ஓஸெல்லா கஞ்சியை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.

குளம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை வெள்ளையாக இருந்தது. அத்தனையும் மீன் வயிறு. தண்ணீருக்குக் காற்றூட்டும் துடுப்புச் சக்கரங்கள் நாலும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. நாரைகள் எதைத் தின்பது என்று தெரியாமல் கரையில் சும்மா நின்றிருந்தன. வெர்டெல் இடுப்பளவு தண்ணீரில் நின்று கூடை கூடையாகச் செத்த மீனை ஒதுக்கிக்கொண்டிருந்தான். அக்கா செருப்புக் காலோடு இறங்குவதைப் பார்த்ததும் கத்தினான்.

“பூட்ஸ் போட்டுக்கிட்டு எறங்கு! முள்ளு ஏறிடும்.”

அவ்வளவு இழப்புக்கு நடுவில் அவன் அவள் காலைக் கவனித்தான். அவள் பூட்ஸைப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

“என்னடா ஆச்சு?”

“மயில்துத்தம் போட்டேன், பாசியக் கொல்லலாம்னு. பாசி ஒரேயடியாச் செத்து அழுகி, தண்ணில மூச்சில்லாமப் போச்சு. மூணு நாளா வெயிலும் இல்ல, காத்தும் இல்ல. கொஞ்சம் கூடப் போட்டுட்டேன் போல.” நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். “என் தப்புதான்.”

அந்தக் கடைசிச் சொல் ஓஸெல்லாவைக் குத்தியது. பாசியைக் கொல்லச் சொன்னது யார்? பாசி இருக்கிறது என்று சொன்னது யார்? மத்தியானம்வரை இருவரும் மீனை அள்ளினார்கள்.

ஆலைக்குப் போனதும் அவள் உறைபெட்டியைத் திறந்தாள். எட்டு நாளைக்கு முந்தின சீட்டு, “ரக்கர், ஒன்றாம் குளம்.” அந்த மறுபாதி. அந்தப் புதன்கிழமை அவள் வாயில் இன்னும் வேறு மீன் பட்டிருக்கவில்லை. என்றாலும் பிஸ்கட் தின்றாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி பிஸ்கட் தின்றாள், கை கட்டிக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்தாள். பிறகு துண்டைப் பையில் போட்டு வேகவைத்தாள்.

பையைப் பிரித்ததும் வேகவைத்த சோளத்தின் மணம் வந்தது. வாயில் போட்டாள். லேசாகத் தித்தித்தது. சேறு இல்லை, பூஞ்சணம் இல்லை, ஒன்றுமே இல்லை. நல்ல மீன். அவள் அதைத் துப்பவில்லை. விழுங்கினாள். விழுங்கிய பிறகு அழுகை வந்தது. அந்தச் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மேலாளர் டென்டனிடம் அன்றே சொன்னாள். டென்டன் கெட்ட மனிதர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

“ஒரு துண்டுதானே, மிஸ் ஓஸெல்லா. உறைபெட்டில எட்டு நாள் கெடந்தா ருசி மாறும்.”

“சேறு மாறாது. உங்களுக்கே தெரியும்.”

“சரி, தெரியும். ஆனா ஒண்ணு யோசிங்க. நீங்க இத வெளிய சொன்னா, பத்தொம்பது வருஷமா நீங்க சொன்ன ஆகாது அத்தனையும் நாளைக்கு இந்த ஜன்னல்ல வந்து நிக்கும். எனக்கும் பதில் இல்ல, உங்களுக்கும் பதில் இல்ல. தம்பிகிட்ட வேணா தனியாச் சொல்லிக்குங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஓஸெல்லா எப்போதும்போல ருசி பார்த்தாள். ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் பேசுவது காதில் விழுந்தது. “மயில்துத்தத்த அள்ளிக் கொட்டியிருக்கான்யா. அளவு தெரிய வேணாமா?” “நான் அப்பவே சொன்னேன், இவனுக்கெல்லாம் எதுக்குக் குளம்.” ஹாலிஸ்கூட, பரிதாபமாகத்தான், “பாவம், அனுபவம் பத்தல,” என்றார். அடங்கிக் கிடந்த பேச்சு மறுபடி பற்றிக்கொண்டுவிட்டது. 

சனிக்கிழமை மத்தியானம் அவள் எதுவும் சாப்பிடாமல் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் கரையில் குந்தி, ஒரு துடுப்புச் சக்கரத்தைக் கழற்றிப் போட்டு மசகு தடவிக்கொண்டிருந்தான். காலிக் குளத்திலிருந்து இன்னும் நாற்றம் போகவில்லை.

“வெர்டெல், உன் மீன் நல்ல மீன்டா.”

அவன் நிமிர்ந்தான்.

“பாதிய எடுத்துப் பாத்தேன். சுத்தமான மீன். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

வெர்டெல் கந்தல் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

“பிஸ்கட் தின்னியா, அன்னிக்கு?”

“இல்ல.”

“தண்ணி?”

“ஒரு வாய்.”

“பத்து நிமிஷம்?”

அவள் குளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஏப்ரல்ல ஹாலிஸுக்குக் குடுத்தியே. நான் பின்னாடி வண்டில உக்காந்திருந்தேன். ஆரன் அடிச்சவன்ல நானும் ஒருத்தன். அவ்ளோ சத்தத்துலயும் நீ அசையலியே, அக்கா!”

“அவன் சிரிச்சான்டா. எல்லாரும் சிரிச்சாங்க. தம்பிக்குச் சலுகை காட்டுறான்னு சொல்லிடுவாங்களோன்னு...”

“நான் சலுகையா கேட்டேன்?” அவன் குரல் உயர்ந்தது. “ஒரு நாளாவது கேட்டிருக்கேனா? ஹாலிஸ் பார்க்ஸ்டேலுக்குக் குடுத்தத எனக்கும் குடுன்னுதானே வந்து நின்னேன். ஊரான் மீனுக்குப் பத்து நிமிஷம், என் மீனுக்கு ஒரு வாய்த் தண்ணியா?”

ஓஸெல்லா சக்கரத்தின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் இன்னும் முடிக்கவில்லை.

“அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் லுவீனியா அதே குளத்து மீனப் பொரிச்சா. நாலு துண்டு தின்னேன். சேறே இல்ல. இவ சொன்னா, நல்லாத்தானே இருக்குன்னு. நான் அவள அதட்டினேன். எங்க அக்கா நாக்கு சொன்னா சொன்னதுதான், உனக்கும் எனக்கும் என்ன தெரியும்னேன். மறுநாளே போய் மயில்துத்தம் வாங்கிட்டு வந்தேன்.”

 அவன் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது. அவன் தன் வாயில் இருந்த ருசியை விட்டுவிட்டு அவள் சொன்னதை நம்பியிருக்கிறான்.

“இனிமே பக்கத்து மாவட்டத்து ஆலைக்குக் கொண்டு போறேன்,” என்றான் கடைசியில். “முப்பது மைல்தான்.”

“போ. நான் தடுக்க மாட்டேன். திங்கக்கிழம ஜன்னல்ல வச்சு எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்.”

“எதுக்கு? செத்த மீன் எந்திரிச்சு வருமா?”

“வராது. ஆனா நீ பண்ண வைக்கத் தெரியாதவன்னு ஊரு பேசுது. நாக்கு தப்புப் பண்ணிட்டு, கைமேல பழி விழுதேடா. நான் எப்பிடிச் சும்மா இருக்கறது?”

அவன் மறுபடி குனிந்து மசகு தடவ ஆரம்பித்தான். இரு என்றோ சாப்பிடு என்றோ சொல்லவில்லை. அவள் எழுந்து போனாள்.

திங்கட்கிழமை ஜன்னலுக்கு வெளியே எட்டுப் பேர் இருந்தார்கள். ஓஸெல்லா முதல் மீனைத் தொடுவதற்குமுன் கதவைத் திறந்து வெளியே வந்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

“வெர்டெல் ரக்கரோட ஒண்ணாம் குளத்து மீன் நல்ல மீன். கெட்ட மீன் தின்ன வாயோட, பத்து நிமிஷம் விடாம, நான்தான் அவசரப்பட்டு ஆகாதுன்னு சொன்னேன். நான் சொன்னத நம்பித்தான் அவன் மயில்துத்தம் போட்டான். தப்பு என்னோடது. இனிமே யாராவது அவனுக்குப் பண்ண வைக்கத் தெரியாதுன்னு பேசினா, என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க.”

 ஒருவன் தொப்பியைப் போட்டான், கழற்றினான். ஹாலிஸ்தான் முதலில் வாய் திறந்தார்.

“அப்ப என் மீனு? நீங்க ஆகாதுன்னு திருப்பியனுப்பினது?”

“அது கெட்ட மீன்தான், மிஸ்டர் ஹாலிஸ். அந்த மீனத் தின்ன வாயாலதானே இவ்ளோ வெனையும். உங்க வீட்டு நாய்க்குப் போட்டாக்கூட அது உங்கள ஒரு தரம் நிமிந்து பாக்கும்.”

சிலர் சிரித்தார்கள். ஹாலிஸ் சிரிக்கவில்லை. “நான் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்,” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு லாரிக்குப் போனார்.

டென்டன் சொன்ன மாதிரியே ஆயிற்று. பழைய ஆகாதுகள் ஜன்னலில் வந்து நின்றன. மூன்று வருஷத்துக்கு முந்தின மீனுக்கு ஒருவர் வந்து சண்டை போட்டார். ஒரு மாதம் அறுக்கும் வரிசையிலிருந்து இன்னொரு பெண்ணைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு பேரும் ஒன்றே சொன்னால்தான் செல்லும் என்றார்கள். சிலர் மிஸ்ஸை விட்டுவிட்டு வெறும் ஓஸெல்லா என்றார்கள். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், மோசமான மீனுக்குப் பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்தாள். அவளுக்கு வலித்தது ஒன்றுதான். ரோட்டில் வெர்டெலின் வண்டி ஆலை வாசலைத் தாண்டிப் பக்கத்து மாவட்டத்தைப் பார்த்துப் போவதை இரண்டு தடவை பார்த்தாள்.

செப்டம்பர் கடைசியில், பருத்தி வைத்திருக்கும் மிச்சச் சொச்சம் பேர் அறுவடை இயந்திரத்தை இறக்கியிருந்த நாளில், ஜன்னலுக்கு வெளியே ஈரச் சாக்கோடு வெர்டெல் நின்றான்.

“மிஸ் ஓஸெல்லா, மூணாம் குளம்,” என்றான்.

தம்பி வாயிலிருந்து அந்த மிஸ் வந்தது சம்மட்டி அடி மாதிரி இருந்தது. அவள் மீனை வாங்கிக்கொண்டாள். அவனுக்கு முன்னால் வந்த மீன் படு மோசம். அதனால் பிஸ்கட்டை எடுத்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி பிஸ்கட். பிறகு கை கட்டி உட்கார்ந்தாள். பின்னால் நின்றவர்கள் ஒரு சத்தமும் போடவில்லை. வெர்டெலும் ஜன்னல் சட்டத்தில் கை வைத்தபடி நின்றான். பத்து நிமிடமும் அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டவனே, நல்ல மீனாக இருக்கட்டும் என்று அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டிக்கொள்வதே தப்பு என்றும் அவளுக்குத் தெரியும்.

பையைப் பிரித்தாள். மோந்தாள். வாயில் போட்டாள்.

சேறு. லேசாகத்தான். ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத சேறு. மறுபடி பத்து நிமிடம் உட்கார்ந்து மறுபாதியையும் பார்த்தாள். அதிலும் இருந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணும் ஒரு விள்ளல் தின்றுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

 இவ்வளவு நாள் கழித்து வந்து நிற்கிறான். இந்தச் சொல்லைச் சொன்னால் மறுபடி வருவானா? வரமாட்டான் என்றுதான் தோன்றியது. ஆனாலும் அவன் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

“ஆகாது.”

 வெர்டெல் ஆமென்று தலையை ஆட்டினான்.

“எனக்கும் நேத்து அப்பிடித்தான் பட்டுச்சு. லுவீனியாதான் சேறு இல்லன்னு சொன்னா.”

“மயில்துத்தம் போட்டுறாதடா. குளுரு வரப்போகுது, பாசி தானாப் போயிரும்.”

“போடல.” அவன் சாக்கைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டான். “பத்து நாள் ஆகுமா?”

“ஆகும். எங்க கொண்டு போவ?”

அவன் அதற்குள் வண்டிப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தான். திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் தூக்கிச் சொன்னான்.

“இங்கதான் கொண்டு வருவேன், அக்கா. வேற எங்க போவேன்?”